முட்டி வலி இருக்கற அம்மாவ தீவுக்குக் கூட்டிட்டுப் போறது எப்படி

எங்க பெரியம்மாவுக்கு 78 வயசு, கைத்தடி இல்லாம வாசப்படி தாண்ட மாட்டாங்க. அம்மாவுக்கு 71, ரெண்டு முட்டியும் தேஞ்சு போச்சுன்னு டாக்டர் சொல்லிட்டாரு, கூடவே சுகர், பிரஷர். இவங்க ரெண்டு பேரையும் நான் பிச்சாவரம் கூட்டிட்டுப் போறேன், சுண்ணாம்பாறு கூட்டிட்டுப் போறேன், அரிக்கமேடு கூட்டிட்டுப் போறேன்னு தெரிஞ்சா சொந்தக்காரங்க கேக்கற மொத கேள்வி "இந்த வயசுல எதுக்குடா அவங்கள அலைக்கழிக்கற"ங்கறதுதான். எனக்கு இந்தக் கேள்வியக் கேட்டாலே கோவம் வருது. கல்யாணம், வளைகாப்பு, கருமாதின்னு எல்லாத்துக்கும் பஸ் ஏத்தி வரவச்சு நாள் பூரா பிளாஸ்டிக் சேர்ல உக்கார வைக்கறப்ப யாருக்கும் அலைச்சல் தெரியல, ஆசைப்பட்டு கொஞ்சம் தண்ணியப் பாக்கணும், காட்டப் பாக்கணும்னு அவங்க கெளம்பறப்பதான் எல்லாருக்கும் அக்கறை வருது.

நாங்க இருக்கறது கடலூர் மஞ்சக்குப்பம். இங்கருந்து பாண்டி ரோட்டுல 20 கிலோமீட்டருக்குள்ள சுண்ணாம்பாறு போட் ஹவுஸ் வந்துடும், தெக்க சிதம்பரம் பக்கம் போனா கார்ல ஒன்றரை மணி நேரத்துல பிச்சாவரம். காலைல கெளம்பினா மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துடலாம். அதனால இது பெரிய டூரெல்லாம் இல்ல, ஆனாலும் பாதிப் பேரு வயசானவங்கள கார்லயே உக்கார வச்சிட்டு தாங்க மட்டும் போட்ல போயிட்டு வர்றாங்க. கார் கண்ணாடிய எறக்கிவிட்டு, கையில ஒரு தண்ணி பாட்டில் குடுத்து, "நீங்க இருங்கம்மா, நாங்க இதோ வந்துடறோம்"னு. பார்க்கிங்ல அப்படி உக்காந்திருக்கற ஆயாங்களப் பாக்கறப்ப மனசு கேக்க மாட்டேங்குது.

நான் கவனிச்ச வரைக்கும் இவங்களுக்கு நடக்கற தூரம் பெரிய பிரச்சனையே இல்ல. எங்கம்மா மார்க்கெட்ல ஒரு மணி நேரம் நின்னு மீன் வாங்கறவங்க. பெரியம்மா தடிய ஊணிக்கிட்டு பாடலீஸ்வரர் கோயில் பிரகாரம் மெதுவா சுத்தி வந்துடுவாங்க. அவங்களப் பயமுறுத்தறது கரைக்கும் போட்டுக்கும் நடுவுல இருக்கற அந்த ஒரு அடி ஒன்றரை அடி எறக்கம் இருக்கே, அதுதான். புடிக்க ஒண்ணும் இருக்காது, கீழ போட் ஆடிக்கிட்டே இருக்கும், பின்னாடி பத்துப் பேரு சீக்கிரம் சீக்கிரம்னு நிப்பாங்க. அங்கதான் "நான் வரலப்பா, நீங்க போங்க"ன்னு சொல்லிட்டுத் திரும்பிடறாங்க. அந்த ஒரு எடத்த மட்டும் சரி பண்ணிட்டா மிச்சம் எல்லாம் தானா நடக்கும்.

பிச்சாவரத்துல ஒரு போட்காரண்ணன் அத எப்படிப் பண்ணாருன்னு சொல்றேன், ஏன்னா நான் இத்தன வருஷம் கையப் புடிச்சி இழுத்துதான் ஏத்திக்கிட்டு இருந்தேன், எல்லாரும் அப்படித்தான் செய்யறாங்க. அவரு பெரியம்மாவப் பாத்தவொடனே கைய நீட்டல. மொதல்ல கயித்த இழுத்து போட்ட கரையோட ஒட்டி நிறுத்தி, பின்னாடி இன்னொரு ஆள அத அழுத்திப் புடிக்கச் சொன்னாரு. அப்புறம், "ஆயா, நின்னுக்கிட்டு கால வைக்காதீங்க. இப்படியே கரை ஓரமா உக்காருங்க"ன்னாரு. பெரியம்மா தடிய என்கிட்ட குடுத்துட்டு மெதுவா ஓரத்துல உக்காந்தாங்க. "இப்ப ரெண்டு காலயும் போட்டுக்குள்ள எறக்குங்க, கால் தரையில பட்டுச்சா? ஆங், இப்ப என் தோள அமுத்திப் புடிச்சிக்கிட்டு எழுந்திருங்க, அப்படியே திரும்பி பலகையில உக்காருங்க." அவ்ளோதான். அவரு முன்னாடி காலப் பரப்பி நின்னுக்கிட்டு தோளக் குடுத்தாரு, அவங்க புடிச்சாங்க, அவரு யாரயும் இழுக்கவே இல்ல. கையப் புடிச்சி இழுத்தா அவங்க எடை முன்னாடி சாஞ்சி தடுமாறும், தோளப் புடிக்க விட்டா எவ்ளோ வேகத்துல எழுந்திரிக்கணும்னு அவங்களே முடிவு பண்ணிக்குவாங்க.

யோசிச்சுப் பாத்தா ஒன்றரை அடிங்கறது ஒரு நாற்காலி உயரம். ஏறி எறங்கணும்னாதான் அது கஷ்டம், உக்காந்து எழுந்திரிக்கறதுன்னா வீட்ல தெனம் செய்யற வேலை. திரும்பி வர்றப்பவும் இதேதான், போட்ல நின்னுக்கிட்டு கரைக்கு முதுகக் காட்டி நின்னு, அப்படியே பின்னாடி கரையில உக்கார வச்சு, அப்புறமா காலத் தூக்கி வச்சிக்கச் சொல்லணும். கரை ஈரமா பாசி புடிச்சி இருந்தா ஒரு கெட்டித் துண்டு விரிச்சிக்கலாம். படிக்கட்டா இருந்தா பிசியோதெரபில சொல்லித் தர்ற கணக்கு ஒண்ணு இருக்கு, ஏறறப்ப நல்ல கால் மொதல்ல, எறங்கறப்ப வலிக்கிற கால் மொதல்ல. அம்மா இத மனப்பாடமா வச்சிருக்காங்க.

லைஃப் ஜாக்கெட்ட போட்ல ஏறினப்புறம் மாட்டாதீங்க, டிக்கெட் கவுண்டர் பக்கத்துல பெஞ்ச் இருந்தா அங்கயே உக்கார வச்சு மாட்டி பட்டிய இறுக்கிடுங்க, புடவை முந்தானை பெல்ட்டுல சிக்காம உள்ள சொருகிடணும். போட்ல நடுப் பலகையிலதான் வயசானவங்க, ஓரத்துல நாம. துடுப்புப் படகுல பலகைக்கு சாய்மானம் கிடையாது, அதனால வீட்லருந்து ஒரு சின்ன தலகாணி எடுத்துட்டுப் போங்க, இல்லன்னா அரை மணி நேரத்துல இடுப்பு புடிச்சிக்கும். மோட்டார் படகு கொஞ்சம் அகலம், ஆட்டம் கம்மி, ஆனா சின்னக் கால்வாய்க்குள்ள போகாது. எனக்குத் துடுப்புப் படகுதான். அந்தச் சத்தமில்லாத கால்வாய்க்குள்ள போகலன்னா பிச்சாவரம் போயும் பிரயோஜனம் இல்ல.

அங்க வெள்ளாத்துக் கழிமுகத்துக்கும் கொள்ளிடத்துக் கழிமுகத்துக்கும் நடுவுல சுமார் 1100 ஹெக்டேர் அலையாத்திக் காடு, அதுக்குள்ள கால்வாய்ங்க அறுத்து அறுத்து சின்னதும் பெருசுமா ஏகப்பட்ட திட்டுங்க. 2022ல உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட ராம்சார் பட்டியல்லயும் சேத்துட்டாங்க. எறங்கி நடக்கற தீவு இல்ல இது, சுரபுன்னை வேரு வளைஞ்சு வளைஞ்சு தண்ணிக்குள்ள எறங்கியிருக்கும், வெண்கண்டல் வேரு சேத்துலருந்து பென்சில் பென்சிலா மேல நீட்டிக்கிட்டு நிக்கும் (மரம் மூச்சு விடறது அது வழியாதான்), காலு வைக்க எடமே இருக்காது. அதனாலயே இது முட்டி வலிக்காரங்களுக்கு ஏத்த எடம்னு நான் சொல்லுவேன். சின்னப் பசங்க போனாலும் பெரியம்மா போனாலும் எல்லாரும் உக்காந்த எடத்துலருந்துதான் பாக்கணும், யாரும் யாரயும் விட்டுட்டு முன்னாடி ஓடிட முடியாது. கால்வாய் குறுகறப்ப கெளைங்க தலைக்கு மேல கவிஞ்சு வரும், குனியணும், கழுத்து வலி இருக்கறவங்கன்னா முன்கூட்டியே போட்காரர்கிட்ட சொல்லிடுங்க, வேற வழியா விடுவாரு.

அம்மாவுக்கு அங்க ரொம்பப் புடிச்சது தில்லை மரம். சிதம்பரத்துக்குத் தில்லைன்னு பேரு வந்ததே அந்த மரத்தால, நடராஜர் கோயிலுக்கு அதுதான் தல விருட்சம், ஆனா இன்னிக்கு அந்த மரத்தப் பாக்கணும்னா பிச்சாவரம் பக்கம்தான் வரணும். சின்ன வயசுலருந்து தில்லை தில்லைன்னு தேவாரம் பாடினவங்க, மரத்தப் பாத்தது இல்ல. அதோட பால் கண்ணுல பட்டா ஆபத்து, அதனால தொடக்கூடாது, கெளை ஒடிக்கக்கூடாது, தூரமா பாத்து கும்பிட்டுக்கிட்டாங்க. போட்காரண்ணன் எம்.ஜி.ஆர் படம் எடுத்த எடத்தையும் காட்டினாரு, பெரியம்மா மொகம் மலந்து போச்சு. சுனாமி பத்திப் பேச்சு வந்தப்ப எல்லாரும் கொஞ்ச நேரம் அமைதியாயிட்டோம். 2004ல கடல் பக்கம் இருந்த திட்டுங்களுக்கு பயங்கர சேதம், காட்டுக்குப் பின்னாடி இருந்த ஊருங்கள இந்த மரங்கதான் காப்பாத்துச்சு.

இப்ப யாரும் வெளிய பேசாத ஒண்ணு, பாத்ரூம். நம்ம வீட்டு அம்மாக்கள் வெளியூர் கெளம்பினா காலைலருந்து தண்ணியே குடிக்க மாட்டாங்க. கேட்டா "தாகம் இல்லடா"ன்னுவாங்க. தாகம் இல்லாம இல்ல, வழியில எங்க போறதுன்னு பயம். பிரஷருக்கு நீர் மாத்திரை சாப்பிடறவங்க சில பேரு அன்னிக்கு மட்டும் அத விட்டுடுவாங்க, டாக்டர்கிட்ட கேக்கவும் மாட்டாங்க. வெயில்ல தண்ணியும் இல்லாம உக்காந்தா தலை சுத்தும், அப்படித் தலை சுத்தற நேரத்துல போட்லருந்து எழுந்திரிச்சா விழுந்துடுவாங்க. இத மட்டும் தயவுசெஞ்சு சீரியஸா எடுத்துக்குங்க. மாத்திரைய எத்தன மணிக்குப் போட்டா வசதின்னு கெளம்பறதுக்கு முந்தியே டாக்டர்கிட்ட கேளுங்க, நீங்களா நிறுத்தாதீங்க. போற வழியில சுத்தமான பாத்ரூம் எங்க இருக்குன்னு பாத்து வச்சு, அதுவும் வெஸ்டர்ன் இருக்கான்னு கேட்டு வச்சு, "அம்மா, சிதம்பரம் வந்தவொடனே அந்த ஓட்டல்ல நிறுத்துவோம்"னு வீட்லயே சொல்லிடுங்க. எங்க நிறுத்தப் போறோம்னு தெரிஞ்சிட்டா தானா தண்ணி குடிப்பாங்க. நான் கார் டிக்கில ஒரு மடக்கு கமோடு ஸ்டூலும் போட்டு வச்சிருக்கேன், இந்தியன் டாய்லெட் மேல வச்சு உக்காந்துக்கலாம், மெடிக்கல் சாமான் விக்கற கடைல கெடைக்கும். இத எழுதறதுக்கு எனக்குக் கூச்சம் இல்ல. அந்த ஸ்டூல் வந்தப்புறம்தான் எங்கம்மா டூர்ல சிரிச்சுப் பேச ஆரம்பிச்சாங்க.

சுண்ணாம்பாறு கணக்கு வேற. அங்க போட் பெருசு, உக்கார சீட்டு இருக்கும், நோணாங்குப்பத்துல ஏறினா ஆத்து வழியா போய் பாரடைஸ் பீச்சுல எறக்கி விடுவாங்க, ஒரு பக்கம் ஆறு, இன்னொரு பக்கம் கடல், நடுவுல மணல் திட்டு. போட் பயணம் ரொம்ப சுகம். ஆனா எறங்கினப்புறம் நடக்கறது முழுக்க மணல். காஞ்ச மணல்ல கைத்தடி உள்ள போயிடும், முட்டிக்கு ரெட்டிப்பு வேலை. ஈர மணல் கெட்டியா இருக்கும், நடக்க சுலபம்தான், ஆனா அங்க கடல் இழுவை அதிகம், வயசானவங்கள அலைக்குப் பக்கத்துல விடவே கூடாது. அதனால ஒரு மடக்கு நாற்காலி கையில எடுத்துட்டுப் போயி நிழல் எங்க இருக்கோ அங்க போட்டு உக்கார வைக்கறதுதான் நல்லது. கொஞ்சம் நடப்பாங்க, உக்காருவாங்க, மறுபடி கொஞ்சம் நடப்பாங்க.

இன்னொண்ணு, சுகர் இருக்கறவங்கள செருப்பு இல்லாம அந்த மணல்ல நடக்க விடாதீங்க. சுகர்ல பாதம் மரத்துப் போயிருக்கலாம், அப்படின்னா பதினொரு மணி வெயில்ல கொதிக்கற மணல் சுடறதே தெரியாது, வீட்டுக்கு வந்து பாத்தா கொப்புளம். அந்தக் கொப்புளம் ஆறவே மாசக்கணக்காகலாம். பின்னாடி பட்டி வச்ச செருப்பு, பருத்தி சாக்ஸ், வீட்டுக்கு வந்தவொடனே பாதத்தக் கழுவித் தொடச்சு விரல் இடுக்கு வரைக்கும் பாத்துடணும். நானே அம்மா கால மடில வச்சு டார்ச் அடிச்சுப் பாப்பேன். மொதல்ல கூச்சப்பட்டாங்க, இப்ப அவங்களே காலத் தூக்கி வச்சிடறாங்க.

போட்டே வேணாங்கறவங்களுக்கு அரிக்கமேடு. சங்கராபரணி ஆறு கடல்ல சேர்றதுக்கு முன்னாடி ரெண்டா பிரிஞ்சு ஒண்ணு அரியாங்குப்பத்து ஆறாவும் இன்னொண்ணு சுண்ணாம்பாறாவும் போகுது, நடுவுல இருக்கற நிலம் ஒரு வகையில தீவுதான். காக்காயந்தோப்பு வழியா கார்லயே பக்கத்துல போயிடலாம். 1945ல வீலர்ங்கற தொல்லியல் ஆய்வாளர் இங்க தோண்டினப்பதான் ரோமாபுரிச் சாமான்ங்க, மது ஜாடி ஓடுங்க எல்லாம் காலக்கணக்கோட வெளிய தெரிஞ்சது. இப்ப பாக்கறதுக்கு மாந்தோப்பும் பிரெஞ்சுக்காரங்க காலத்து இடிஞ்ச செங்கல் சுவரும்தான் இருக்கும், சில பேருக்கு ஏமாத்தமா இருக்கலாம். ஆனா நிழல், கூட்டம் கெடையாது, மெதுவா நடந்தா யாரும் ஹாரன் அடிக்க மாட்டாங்க. மண் பாதைதான், அங்கங்க வேரு இருக்கும், தடிக்குக் கீழ இருக்கற ரப்பர் தேஞ்சிருக்கான்னு பாத்துட்டுப் போங்க. அங்க கெடச்ச மணிங்க, ஓடுங்கள பாக்கணும்னா பாண்டில பாரதி பூங்கா பக்கத்துல இருக்கற மியூசியத்துக்குப் போகணும். மியூசியத்த மொதல்ல பாத்துட்டு அரிக்கமேடு போனா வெறும் மாந்தோப்பா தெரியாது.

பாண்டி பீச் ரோடு பத்தி அதிகம் சொல்லத் தேவையில்ல, சாயந்தரம் ஆறு மணிக்கு மேல வண்டி விட மாட்டாங்க, ரோடு சமம், உக்கார எடம் இருக்கு.

போன வருஷம் அம்மாவோட கொச்சி போனேன். அங்க 2023 ஏப்ரல்ல ஆரம்பிச்ச வாட்டர் மெட்ரோங்கற போட் சர்வீஸ் ஓடுது, கொச்சியச் சுத்தியிருக்கற 10 தீவுகள இணைக்கணும்னு போட்ட திட்டம். அதுல ஏறினப்பதான் எனக்கு ஆத்திரமும் சந்தோஷமும் ஒண்ணா வந்துச்சு. அங்க ஜெட்டி, அதாவது போட் ஏறற மேடை, தண்ணில மெதக்குது. தண்ணி ஏறினா ஜெட்டியும் ஏறுது, எறங்கினா எறங்குது, அதனால போட்டோட தரையும் ஜெட்டியோட தரையும் எப்பவும் ஒரே மட்டம். எங்கம்மா வீட்டு ஹால்லருந்து சமையக்கட்டுக்குப் போற மாதிரி நடந்து உள்ள போயி உக்காந்தாங்க. யாரு தோளையும் புடிக்கல. வீல்சேர்ல வந்த ஒரு தாத்தா அப்படியே உருட்டிக்கிட்டு உள்ள வந்தாரு. அம்மா என்னைத் திரும்பிப் பாத்து "ஏன்டா, நம்ம ஊர்ல இத வைக்க மாட்டாங்களா"ன்னு கேட்டாங்க.

வைக்கலாம். நம்ம கரையில தண்ணி ஏத்த எறக்கம் ஒரு மீட்டருக்கும் கம்மி, அதனால மெதக்கற ஜெட்டிக்கு இங்க பெரிய சிக்கல் இல்லன்னுதான் எனக்குத் தோணுது. அது ஒடனே முடியாதுன்னா கைப்பிடியாவது வைக்கலாம், உக்காந்து எறங்க ஒரு வழவழப்பான பலகையாவது போடலாம், கரையிலருந்து ஜெட்டி வரைக்கும் சாய்தளம் போடலாம். சாய்தளம்னா பேருக்கு நாலு அடி சிமெண்ட் பூசறது இல்ல, ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம்ங்கறது கணக்கு, அதுக்கு மேல செங்குத்தா இருந்தா வீல்சேர் தள்ளறவங்களுக்கும் ஆபத்து, உக்காந்திருக்கறவங்களுக்கும் ஆபத்து. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016லயே வந்தாச்சு. சென்னை மெரினால 2022 நவம்பர்ல வீல்சேர் போற மாதிரி மரப்பாதை போட்டாங்க, அடுத்த மாசமே மாண்டஸ் புயல் அத சேதப்படுத்துச்சு, ஆனா விட்டுடாம திரும்ப சரி பண்ணாங்க. கடலூர்க்காரங்களுக்குப் புயல் புதுசு இல்ல, தானே புயலப் பாத்தவங்க நாம. புயல் அடிக்கும்னு வீடு கட்டாம இருக்கோமா? நம்ம கடலூர் சில்வர் பீச்சுல அந்த மாதிரி ஒரு மரப்பாதை வேணும், சுண்ணாம்பாத்துல வேணும், நான் மனு எழுதிக் குடுத்திருக்கேன், நீங்களும் எழுதுங்க, நெறைய பேரு கேட்டாதான் அசையும்.

தூரமா போக முடியறவங்களுக்கு ஸ்ரீரங்கமும் ராமேஸ்வரமும் சொல்லுவேன், ரெண்டும் தீவுதான், ரெண்டுக்கும் போட் வேண்டாம். காவேரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவுல இருக்கற ஸ்ரீரங்கத்துல கோயில் ரொம்பப் பெருசு, பேட்டரி கார் இருக்கான்னு போனவொடனே கேட்டுக்குங்க, வெக்கப்படாதீங்க. ராமேஸ்வரத்துல 1964 புயல்ல அழிஞ்ச தனுஷ்கோடியத் தாண்டி அரிச்சல்முனை வரைக்கும் 2017லருந்து தார் ரோடு, கார்லயே கடைசி வரைக்கும் போயி கதவத் தெறந்தா ரெண்டு பக்கமும் கடல். ஆனா 22 தீர்த்தமும் ஆடறது வயசானவங்களுக்கு வேண்டாம், தரை பூரா ஈரம், வழுக்கும், தள்ளுமுள்ளு. ரயில்ல போறதா இருந்தா டிக்கெட் போடறப்பவே கீழ் பெர்த் கோட்டாவுல போடுங்க, ஆம்பளைங்களுக்கு 60 வயசு, பொம்பளைங்களுக்கு 45 வயசு ஆயிருந்தா அதுல கேக்கலாம்.

இங்க உள்ளூர்ல போறதுக்கு நல்ல மாசம் ஜனவரி, பிப்ரவரி. ஐப்பசி கார்த்திகைல மழைக்கு போட் நிறுத்திடுவாங்க, கத்திரி வெயில்ல கூட்டிட்டுப் போகவே போகாதீங்க. சனி ஞாயிறு வேண்டாம், வார நாள்ல மொத போட்டுக்குப் போங்க, அப்பதான் பின்னாடி யாரும் அவசரப்படுத்த மாட்டாங்க, போட்காரருக்கும் பொறுமையா தோளக் குடுக்க நேரம் இருக்கும். அவருக்குத் தனியா கொஞ்சம் காசு குடுங்க. சாப்பாடு தயிர்சாதமோ எலுமிச்சை சாதமோ கட்டிக்கிட்டுப் போங்க, சுகர் மாத்திரை போடறவங்க வேளை தவறாம சாப்பிடணும், பையில நாலு மிட்டாய் இருக்கட்டும், திடீர்னு சுகர் எறங்கிட்டா வாயில போட. பெரியம்மா இந்தத் தை பொறந்தா மறுபடி பிச்சாவரம் போகணும்னு இப்பவே சொல்லிட்டாங்க, அந்தப் போட்காரண்ணன் எந்த நாள்ல இருப்பாருன்னு போன் பண்ணிக் கேக்கணும்.